முப்பத்தேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது எனக்கு நடந்தது. பக்கத்து வீட்டில் நடந்ததாக யாரோ சொல்லக் கேட்டதல்ல. தூக்கக் கலக்கத்தில் கண்டதும் அல்ல. நேரத்தைக்கூட நிமிடம் பிசகாமல் சொல்வேன். ஏனென்றால் அந்த ஐந்து இரவுகளும் என் வேலையே நேரம் பார்த்து எழுதுவதுதான்.

உங்களில் பயந்த சுபாவம் உள்ள பிள்ளைகள் இருந்தால் இதைப் பகலில் படியுங்கள் கண்ணுகளா. நானே பகலில்தான் எழுதுகிறேன். வெயில் இறங்கினால் நோட்டை மூடிவிடுகிறேன்.

சாலையிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு அரசாங்கம் கொடுத்த எண் ஒன்று உண்டு. அது இங்கே வேண்டாம். ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் தொடங்கும். பஞ்சாலையைத் தாண்டும், எங்கள் குடியிருப்பைத் தாண்டும், மலையடிவாரத்து மரக்கிடங்கில் போய் முடியும். மொத்தம் அறுபத்து நாலு கிலோமீட்டர். முதலில் அது வண்டித்தடமாக இருந்ததாம். பிறகு கப்பி போட்டு மைல்கல் நட்டார்கள். பிறகு தார். பிறகு மைல்கல்லை எல்லாம் பிடுங்கிக் கிலோமீட்டர் கல் நட்டார்கள். பிடுங்கிய கல்லில் ஒன்று எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் துணி துவைக்கக் கிடந்தது. அதில் 23 என்ற எண் அழியாமல் இருந்தது. என் வீட்டுக்காரர் சட்டை எல்லாம் இருபத்து மூன்றாவது மைலில்தான் வெளுத்தன.

அவர் ரோடு ரோலர் ஓட்டுபவர். நானும் என் நாத்தனாரும், அதாவது அவருடைய தங்கை, அதே சாலையில் மண் சுமக்கும் வேலை. நாத்தனாரின் வீட்டுக்காரர் பஞ்சாலையில் இரண்டாம் ஷிஃப்ட். இரவு பதினொன்றுக்கு முடியும். ஆலை முப்பத்தொன்றாம் கல்லருகே. வீடு முப்பத்தொன்பதில். சைக்கிளில் வருவார். நாலு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுக்களை.

முப்பத்தேழாம் கல்லுக்கும் முப்பத்தெட்டாம் கல்லுக்கும் நடுவில் ஓர் ஏரி. பழைய சாலை அதைச் சுற்றிக்கொண்டு இடது பக்கமாகப் பை மாதிரி வளைந்து போகும். அந்த வளைவை எடுத்துவிட்டு நேராக ஒரு கரை போட்டார்கள். ஆயிரம் மீட்டர் நானூறு ஆனது. அதற்காக அந்தப் பக்கம் இருக்கிற இருபத்தேழு கல்லையும் பிடுங்கி நகர்த்துவார்களா? விட்டுவிட்டார்கள். அதனால் எங்கள் சாலையில் அந்த ஒரு கிலோமீட்டர் மட்டும் நானூறு மீட்டர்தான். புதிதாக வரும் லாரிக்காரர்கள் மீட்டரைப் பார்த்துவிட்டு, "வண்டில கோளாறா, ரோட்டுல கோளாறா?" என்று கேட்பார்கள்.

புதுக்கரை திறந்த அன்றுதான் எல்லாம்.

பழைய வளைவின் கடைசியில் ஒரு சிறு பாலம் இருந்தது. அதன் சிமெண்ட் குழாய்களை அன்று மத்தியானம், இரண்டாம் ஷிஃப்டுக்கு ஆட்கள் போன பிறகு, பிடுங்கிப் புதுப்பாதைக்கு எடுத்துப்போய்விட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேலே பள்ளம். மறுநாள் காலையில் மண் கொட்டி மூடுவதாகப் பேச்சு. அதுவரை யாரும் வளைவுக்குள் போய்விடாமல் இருக்க, முப்பத்தேழாம் கல்லருகே இரண்டு தார் பீப்பாயை உருட்டி வைத்தார்கள். நடுவில் ஒரு சைக்கிள் நுழைகிற இடைவெளி. அதில் ஒரு சிவப்புக் கண்ணாடி லாந்தர். சாயங்காலம் ஏற்றி, விடிந்ததும் அணைக்க வேண்டும். சாலை வேலைக்காரர்களுக்கு இது சட்டம் மாதிரி. அன்று அந்த முறை என்னுடையது.

ஏற்றினேன். ஆனால் எட்டு மணிக்குக் காற்றும் மழையும் பிடித்தன. அந்த மாதம் மட்டும் இரண்டு லாந்தர் திருட்டுப் போயிருந்தது. இதுவும் போனால் மேஸ்திரி பத்துப் பேருக்கு நடுவில் நிற்க வைத்துக் கேட்பார். வீட்டிலோ கரண்ட் இல்லை... லாந்தரைக் கழற்றி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விடிவதற்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்தும் விட்டேன்.

"ராத்திரி லாந்தர் எரிஞ்சுதாம்மா?" என்றார் மேஸ்திரி.

"எரிஞ்சுதுண்ணே" என்றேன்.

பொய் இல்லை. எரிந்தது.

அன்று இரவு நாத்தனாரின் வீட்டுக்காரர் வீடு திரும்பவில்லை. அவர் சில நாள் அடுத்த ஷிஃப்டையும் சேர்த்துப் பார்ப்பார். அதனால் மறுநாள் காலை நாங்கள் யாரும் கவலைப்படவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் ஆலையில் கேட்டோம். "பதினொண்ணுக்கே கிளம்பிட்டாரே" என்றார்கள். அதே வாரம் ஆலையில் ஒரு பெண்ணும் சொல்லாமல் நின்றுவிட்டாளாம். போதாதா ஊருக்கு? ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று என் நாத்தனாருக்குப் பெயர் வந்தது. பதினொரு வருஷம். அவள் யாரிடமும் சண்டை போடவில்லை. "அவரு போறவரில்ல" என்பாள். அவ்வளவுதான்.

அந்தப் பதினொரு வருஷத்தில் அவர் காணாமல் போனதையும் லாந்தரையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை என்றால் அதுதான் பொய். நினைப்பேன். உடனே எழுந்து ஏதாவது பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விடுவேன்.

பிறகு வண்டிக் கணக்கெடுப்பு வந்தது.

சாலையை அகலப்படுத்தலாமா என்று பார்க்க, எத்தனை வண்டி போகிறது என்று எண்ணுவார்கள். ஒரு தாளில் லாரி, பஸ், கார், சைக்கிள், மாட்டுவண்டி, நடை என்று கட்டம் இருக்கும். ஒரு வண்டிக்கு ஒரு கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. ஐந்து நாள், இரவும் பகலும். எண்ணுகிறவர்கள் தூங்கிவிட்டு மனம்போனபடி கோடு போட்டுவிடுவார்கள் என்று எங்கள் ஓவர்சியர் ஒரு வழி வைத்திருந்தார். அடுத்தடுத்த இரண்டு கல்லில் இரண்டு பேர். நடுவில் கிளைச்சாலை கிடையாது. ஒரு கல்லைத் தாண்டிய வண்டி அடுத்ததையும் தாண்டியாக வேண்டும். இரண்டு தாளும் ஒத்துவராவிட்டால் யாரோ தூங்கியிருக்கிறார்கள். எதையும் நூல் பிடித்துப் பார்க்கிறவர் என்பதால் அவருக்கு நூலு சார் என்று பெயர். அவர் முதுகுக்குப் பின்னால்தான்.

ஆண்களெல்லாம் நடுச்சாமத்துக்கு மேல் பார்த்துக்கொண்டார்கள். மாலை நாலிலிருந்து இரவு பன்னிரண்டு வரை எங்கள் முறை. நான் முப்பத்தேழில். நாத்தனார் முப்பத்தெட்டில். நானூறு மீட்டர்தானே? அவள் வைத்திருந்த வெள்ளை லாந்தர் நேர்க்கோட்டில் ஒரு புள்ளியாகத் தெரியும். எனக்கு இடது கைப்பக்கம் ஏரி. கருவேலம் புதர் மண்டி, பழைய வளைவு இருந்த இடமே தெரியாது. நாத்தனார் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் புதர் மறைத்து ஏரிகூடத் தெரியாது. அதன் ஜல்லியைக்கூடப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பாதிக்கு மேல் தண்ணீருக்குள் போய்விட்டது.

முதல் இரவு. மணி பதினொன்று முப்பத்தெட்டு.

ஒரு லாரி போனது. அதன் இரைச்சல் அடங்கியதும் ஒரு சைக்கிள் வந்தது. டைனமோ விளக்கு டயரில் உரசும் சத்தம். செயின் கவர் இடிக்கும் சத்தம்.

கிர்ர்... டக். கிர்ர்... டக்.

லாரிக்கு ஒரு கோடு, சைக்கிளுக்கு ஒரு கோடு போட்டேன். தலையை நிமிர்த்தவில்லை. இந்தச் சத்தத்தை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று மட்டும் தோன்றியது.

பன்னிரண்டுக்கு ஜீப் வந்தது. நூலு சார் இரண்டு தாளையும் முன்விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கல்லுல சைக்கிள் ஒம்பது. அந்தக் கல்லுல எட்டு. ஒரு சைக்கிள் எங்கம்மா போச்சு? பறந்துடுச்சா?"

"நான் கண்ணு கூட சிமிட்டல சார்" என்றாள் நாத்தனார்.

"அப்ப உங்க அண்ணி கனவுல ஒண்ணு வந்திருக்கு. நாளைக்கும் இப்படி வந்தா வேற ஆளப் போட்டுருவேன்."

ஜீப்பில் ஏறும்போது குனிந்து பார்த்தேன். கோடைகாலம். நாற்பது நாளாகப் பொட்டு மழை இல்லை. தார் மேல் ஈரமாக ஒரு டயர் தடம். கல்லைத் தாண்டியதும் இடது பக்கம் ஒதுங்கி, தார் முடிகிற இடத்தில் முடிந்தது.

இரண்டாம் இரவு. பதினொன்றரையிலிருந்தே கண்ணை அகற்றவில்லை. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் சேர்ந்து நிறுத்தின.

பதினொன்று முப்பத்தெட்டு.

கிர்ர்... டக்.

என்னைக் கடந்தபோது முதுகு தெரிந்தது. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஹேண்டில்பாரில் ஒரு சின்னத் தூக்குப் பாத்திரம் ஆடியது. நாலடி தூரத்தில்தான் போனார். காற்றே இல்லை. ஆனால் எனக்கு மழை வாசனை வந்தது.

நேராக நாத்தனாரின் வெளிச்சத்தை நோக்கிப் போக வேண்டிய விளக்கு இடதுபுறம் திரும்பியது.

புதருக்குள்ளே போனது. ஒரு கிளை முறியவில்லை.

தண்ணீர் மேல் போனது. ஏரியைச் சுற்றிக்கொண்டு, நிதானமாக, வளைந்து... சாலை இருந்தால் எப்படிப் போகுமோ அப்படி.

வளைவு முடிகிற இடத்துக்கு வந்தது.

அணைந்தது.

பதினொன்று நாற்பத்திரண்டு.

தொப்பென்று தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம், தாமதமாக, என்னிடம் வந்து சேர்ந்தது.

அந்தச் சத்தம் யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டது. அஞ்சு வருஷம் அது எங்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறது.

சைக்கிள் கட்டத்தில் கோடு போடவில்லை. தாள் ஒத்துவந்தது. நூலு சார் சிரித்தார். "பாத்தீங்களா? முழிச்சிருந்தா கணக்கு தானா சரியா வரும்."

மூன்றாம் இரவும் அதே. முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு. அன்று காற்று முப்பத்தெட்டாம் கல் பக்கமாக வீசியது.

ஜீப் எங்களை இறக்கிவிட்டுப் போனதும் நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி. பதினொண்ணே முக்காலுக்கு முன்னாடி ஒரு சைக்கிள் சத்தம் கேட்டுச்சு."

"கேக்கும். ரோடுன்னா சைக்கிள் போகாதா?"

"ஏரிப் பக்கமிருந்து வந்துச்சு. செயின் கவர் இடிக்கிற சத்தம். நான்தான் அத மாத்துங்க மாத்துங்கன்னு சொல்லிட்டே இருப்பேன்."

நான் கதவைத் திறக்கத் திரும்பினேன்.

"நாளைக்கு நான் முப்பத்தேழுல உக்கார்றேன்."

"வேணாம்மா. அங்க கொசு."

"உங்கள மட்டும் கடிக்காதா?"

அவளை விட மாட்டேன் என்று முடிவு செய்தேன். காரணம் உங்களுக்கும் புரியும். அந்த விளக்குக்குப் பின்னால் அவள் நடப்பாள். நடந்தால் ஏரிக்குள் போய்விடுவாள். பதினொரு வருஷம் ஊர்ப் பேச்சைக் கேட்டவள். அவர் எங்கேயும் ஓடிப்போகவில்லை, இதோ வருகிறார் என்று கண்ணால் பார்த்தால் கரையில் நிற்பாளா? அவரை என் தவறால் இழந்தாள். அவளையும் நானே இழந்துவிடக் கூடாது... மனதில் அந்த ஒன்றுதான் ஓடியது.

நான்காம் இரவு. நானே முப்பத்தேழில் உட்கார்ந்தேன். பதினொன்று முப்பத்தைந்துக்குப் பார்க்கிறேன், தூரத்தில் அவளுடைய வெளிச்சப் புள்ளி அப்படியே இருந்தது. ஆனால் சாலையில் செருப்புச் சத்தம்.

லாந்தரை அங்கேயே வைத்துவிட்டு அவள் மட்டும் வந்துவிட்டாள்.

"போயிரு" என்றேன்.

"ஷ்ஷ்" என்றாள்.

தவளைகள் நின்றன.

கிர்ர்... டக்.

கிர்ர்... டக்.

என் தோளைப் பிடித்திருந்த அவள் விரல்கள் எலும்பு வரை இறங்கின. ஈரச் சட்டை. தூக்குப் பாத்திரம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுதான் இருந்தது. எங்களைப் பார்க்கவில்லை.

"என்னங்க" என்றாள் அவள். உரக்கக் கூப்பிடவில்லை. வீட்டில் கூப்பிடுகிற மாதிரி.

திரும்பவில்லை. விளக்கு இடது பக்கம் ஒதுங்கியது.

என் தோளிலிருந்து கை போய்விட்டது.

கரைச் சரிவில் சரளை உருளும் சத்தம். நான் பின்னால் ஓடினேன். முள் கிழித்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அவளுக்கு இடுப்பளவு. முந்தானை கையில் சிக்கியது. இழுத்தேன். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம்.

"விடுங்க அண்ணி. வழி தெரியாமப் போறாரு. கூப்பிட்டாத் திரும்பிருவாரு."

விடவில்லை. அவள் என்னைக் கடித்தாள். அந்தத் தழும்பு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

தூரத்தில் விளக்கு வளைவின் கடைசிக்கு வந்தது.

அணைந்தது.

நாற்பத்திரண்டு என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

வெகுநேரம் அவள் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தாள். பிறகு குழந்தை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ரோடே இல்லாத பக்கம் ஏன் அண்ணி போறாரு?"

உலகத்தில் அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்.

"நாளைக்கு நீ முப்பத்தெட்ட விட்டு எந்திரிக்காத" என்றேன். "நான் அவர நேரா அனுப்புறேன்."

"எப்படி?"

"கேக்காத. எந்திரிக்க மாட்டேன்னு மட்டும் சொல்லு."

சொன்னாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஆபீஸ் ஸ்டோருக்குப் போனேன். சிவப்பு லாந்தர் ஒன்று கேட்டேன். அந்த வருஷம் புதிதாக வந்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை பெயிண்டில் எண் எழுதியிருக்கும். எனக்குக் கொடுத்தது பதினாலு. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். "எண்ணுற வேலைக்குச் சிவப்பு எதுக்கும்மா?" என்றார் ஸ்டோர்காரர். "கொசுவுக்கு" என்றேன். சிரித்துவிட்டார்.

சாயங்காலம் ஆறு இருபதுக்கு அதை ஏற்றினேன். பழைய வளைவு தொடங்கிய இடத்தில், அன்று பீப்பாய்கள் இருந்த இடத்தில், இரண்டு கல்லை அடுக்கி அதன்மேல் வைத்தேன். திரியை முழுதாகத் தூண்டினேன். பதினொரு வருஷம் தாமதம்.

பதினொன்று இருபது. ஒரு பஸ்.

பதினொன்று முப்பத்தொன்று. லாரி, இரண்டு.

பதினொன்று முப்பத்தாறு. தவளைகள் நின்றன.

நிமிரக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளை மட்டும் பார்த்தேன். தாளின் ஒரு பாதி என் லாந்தரால் மஞ்சள். மறு பாதி அந்த லாந்தரால் சிவப்பு.

முப்பத்தெட்டு.

கிர்ர்... டக்.

கிர்ர்...

நின்றது.

ஒரு கால் தரையில் ஊன்றும் சத்தம்.

சொட்... சொட்... தார் மேல் தண்ணீர் சொட்டியது.

ஈர மண் வாசனை. ஆழத்தில் தோண்டினால் வருமே, அந்த வாசனை.

"அந்தப் பக்கம் போகாதீங்க" என்றேன். குரல் வெளியே வந்ததா என்று தெரியாது. "பாலம் இல்ல. நேராப் போங்க. அவ உக்காந்திருக்கா."



சொட்...

அப்போது என் தாளில் இருந்த சிவப்பு நகர்ந்தது.

மெல்ல. இடதுபுறமிருந்து மேலே.

யாரோ அந்த லாந்தரைக் கையில் தூக்குகிறார்கள்.

நான் நிமிரவில்லை.

நிமிரவே இல்லை கண்ணுகளா.

கிர்ர்... டக்.

கிர்ர்... டக்.

சத்தம் தள்ளிப் போன பிறகுதான் பார்த்தேன். புதுக்கரை மேல், நேராக, ஒரு சிவப்பு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நாத்தனாரின் வெள்ளைப் புள்ளியை நெருங்கியது. ஒரு நொடி இரண்டும் ஒன்றானது. பிறகு தாண்டியது. முப்பத்தொன்பதாம் கல் பக்கம், எங்கள் வீட்டுப் பக்கம், சின்னதாகிச் சின்னதாகிப் போயிற்று.

பதினொன்று நாற்பது.

சைக்கிள் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

அடுக்கி வைத்த இரண்டு கல் மட்டும் இருந்தது. லாந்தர் இல்லை.

பன்னிரண்டுக்கு நூலு சார் தாள்களை ஒத்துப் பார்த்தார். சைக்கிள் இங்கே பதினொன்று. அங்கே பதினொன்று. "கடைசி நாளாவது உருப்படியா முடிச்சீங்களே" என்றார். நாத்தனார் அவரைப் பார்க்கவில்லை. அவள் முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

"முகம் தெரியல அண்ணி" என்றாள் வீட்டுக்கு வந்ததும். "சிவப்பு வெளிச்சம்தான் தெரிஞ்சுது. ஆனா ரெண்டு தடவ மணி அடிச்சாரு. கதவத் தொறன்னு அடிப்பாரே, அதே மாதிரி. நான் சொன்னேன்ல, அவரு ஓடிப்போறவரில்லன்னு."

அன்றைக்கு அவள் கதவைத் தாழ் போடவில்லை. விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை.

லாந்தரைத் தேடினேன். இரண்டு கல்லுக்கு நடுவிலும், புதரிலும், ஏரிக்கரையிலும். கிடைக்கவில்லை. ரிஜிஸ்டரில் என் பெயருக்கு எதிரே 'தொலைந்தது' என்று சிவப்பு மையில் எழுதினார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் அந்தச் சத்தம் கேட்டதில்லை. எனக்கும் கேட்கவில்லை, அவளுக்கும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் போனது. சாலையை அகலப்படுத்த முடிவாயிற்று. புதுக்கரைக்கு மண் வேண்டும். பழைய வளைவின் மேட்டை வெட்டி எடுக்க இயந்திரம் வந்தது. பழைய பாலம் இருந்த இடத்தில் பத்தடி ஆழத்தில் ஏதோ இரும்பு தட்டுப்பட்டது என்று இயந்திரக்காரர் நிறுத்திவிட்டார். எல்லோரும் ஓடினோம்.

ஒரு சைக்கிள். தூக்குப் பாத்திரம். அதன் அடியில் எலும்புகள்.

மேஸ்திரிக்கு அப்போது வயதாகிவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இந்தப் பள்ளத்த மூடினது நாமதானே..." என்றார்.

ஆமாம். கரை திறந்த மறுநாள் காலையில் நாங்கள்தான் மூடினோம். மழைத் தண்ணீர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. லாந்தர் எரிந்தது என்று நான் சொல்லியிருந்தேனே, யார் உள்ளே பார்ப்பார்கள்? வரிசையாக நின்று கூடை கூடையாகக் கொட்டினோம். வரிசையில் முதல் ஆள் என் நாத்தனார். முதல் கூடை மண்ணைக் கொட்டியது அவள்தான்.

அவள் அழவில்லை. பள்ளத்தில் இறங்கினாள். சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஒன்று மாட்டியிருந்தது. மண்ணைத் தள்ளிவிட்டு அதை எடுத்தாள்.

சிவப்புக் கண்ணாடி லாந்தர்.

அதன் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அன்னைக்கு நம்ம அடுக்களையில எரிஞ்சுது. கரண்ட் வரல. இந்த வெளிச்சத்துலதான் அவருக்குச் சோறு போட்டு மூடி வச்சேன்."

அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். பதிமூன்று வருஷமாகத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்க அண்ணி" என்றாள். "வெளிச்சமா இருக்கேன்னு நானுந்தானே சந்தோசப்பட்டேன்."

நூலு சார் அவள் கையிலிருந்து லாந்தரை வாங்கினார். வழக்கம்போல அடியைத் திருப்பிப் பார்த்தார். விரலால் மண்ணைத் துடைத்தார். அவர் முகம் மாறியது. என்னைப் பார்த்தார். லாந்தரை என் பக்கம் நீட்டினார்.

அது அந்த லாந்தர் இல்லை. எங்கள் அடுக்களையில் எரிந்த பழையது, நசுங்கிப்போய், ஆபீஸ் ஸ்டோரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நானே நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

இதன் அடியில் வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்தது: 14.

எனக்குக் கொடுப்பதற்குச் சில மாதம் முன்பு வாங்கிய லாந்தர். பதிமூன்று வருஷமாக யாரும் தொடாத மண்ணுக்குள், பத்தடி ஆழத்தில். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. திரி நான் தூண்டி வைத்த அளவிலேயே இருந்தது. எண்ணெய் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

இயந்திரக்காரர்தான் கடைசியாக அதைக் காட்டினார். பள்ளத்தின் சுவரில், லாந்தர் இருந்த இடத்துக்கு நேர் மேலே, மண் ஒரு கைப்பிடி அளவுக்கு நிறம் மாறியிருந்தது.

தொட்டுப் பார்த்தேன். செங்கல் மாதிரி சுட்டுப்போயிருந்தது.